களாச்செடிக்கு ஊதாத் துணி

27.3.88, ஞாயிறு. ஆவடி.

குருத்து ஞாயிறு. காலையிலேயே வெயில் சுள்ளென்று. லாரித் தண்ணீர் வரவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் களாச்செடிக்கு. வெள்ளை வெள்ளையாகப் பூ, வாசலெல்லாம் வாசம். உள்ளே கொண்டைக்குருவிக் கூடு! முட்டை இருக்கிறது. எட்டிப் பார்த்ததில் கையில் கீறல். பரவாயில்லை.

பெரிய வெள்ளி பாஸ்காவுக்கு, அந்தச் சிலுவைப்பாட்டு நாடகத்துக்கு, முள்முடி வருஷா வருஷம் இந்தச் செடியிலிருந்துதான். வியாழன் வந்து வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டாராம் இவர், கோயில் உபதேசியாரிடம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாடகத்தில் முள்முடி வைக்கிற சேவகன் வேஷம் போடுகிற திமிர்.

29, செவ்வாய்

குஞ்சு பொரித்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு, ஒரு முடி இல்லை, அசிங்கம், செல்லம். இவரிடம் சொன்னேன். கொடுத்த வாக்கு என்னாவது என்கிறார். அந்த முள்ளுப் பிசாசைப் பிடுங்கிவிட்டு ரோஜா வைக்கலாமாம்.

தவக்காலத்தில் கோயில் மாதா சுரூபத்தையெல்லாம் மூடத் தைத்த ஊதாத் துணியில் மிச்சம் இருந்தது. தெருப் பக்கம் மட்டும் செடிமேல் போட்டேன். ஊதாத் துணி போட்டு மூடியதை ஈஸ்டர் வரை யார் விலக்குவார்கள்? பின்பக்கம் குருவிக்கு வழி.

30, புதன்

வினை. பக்கத்து குவார்ட்டர்ஸ் சரோஜா, "இன்னாக்கா, உள்ள மாதா கீறாங்களா?" என்றாள். உலை கொதிக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். சாயந்தரம் செடி முன்னால் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, முழங்காலில் நாலு பேர். ஒரே புகை. தாய்க்குருவி கம்பியில் உட்கார்ந்து கத்துகிறது, உள்ளே போகவில்லை. குஞ்சு செத்துவிடுமோ! உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஷிப்டு முடிந்து வந்த இவர் பார்த்தார். சைக்கிளை நிறுத்தி, மெழுகுவர்த்தியை அணைத்து, துணியை உருவினார். "மாதா இல்லீங்க. குருவி குஞ்சு பொரிச்சிருக்கு. கொஞ்சம் தள்ளிப் போங்க." அவ்வளவுதான். இருட்டுமுன் குருவி உள்ளே போயிற்று. அழுதுவிட்டேன். திட்டவே இல்லை மனுஷன்.

31, வியாழன்

விடியும் முன்னே அரிவாளோடு சைக்கிளில் போய்விட்டார். வேப்பம்பட்டு தண்டவாளம் ஓரம் கருவேல முள் வெட்டிவந்தார். கையெல்லாம் ரத்தம். உபதேசியார் வந்ததும் அந்த முள்ளுக்கட்டைத் தூக்கிக் கொடுத்தார். காயத்துக்கு மஞ்சள் வைத்துவிட்டேன். "வாசல்ல முள்ளை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் முள்ளு பொறுக்க விட்டுட்டியேடி." ரோஜாப் பேச்சு இல்லை.

1.4, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. தலைவலி. நாடகம் நன்றாக நடந்தது. முள்முடி வைக்கும்போது இவர் விரலில் கட்டு, எதற்கென்று எனக்கு மட்டும் தெரியும்.

கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் ஆளைக் காணோம். வாசலில், சேவகன் உடுப்பைக்கூட மாற்றாமல், அட்டைக் கவசமும் ஈட்டியுமாகக் களாச்செடி பக்கத்தில் நிற்கிறார். பூனை சுற்றுகிறதாம். கஞ்சி ஆறுகிறது. கூப்பிட மனசு வரவில்லை.