பெரிய வெள்ளி உபவாசமும் காலை மாத்திரையும்

மார்ச் 23, திங்கள்

வெயில். கொல்லையில் கோழி முட்டையை அவித்தே இடுகிறது.

காலையில் நாகர்கோவில், டாக்டரம்மா. எடைக்கருவியில் ஏறினேன், முனகியது. பத்மநாபபுரம் அரண்மனையைத் தூக்கி வைத்திருந்தாலும் இவ்வளவு முனகியிருக்காது. தொண்ணூற்றொன்று. இரத்தத்தில் உள்ள சர்க்கரைக்கு ஓர் ஆலையே தொடங்கலாம்.

உத்தரவு: மாத்திரை ஒரு நாளும் தப்பக் கூடாது. சாப்பாடு குறைய வேண்டும். நடக்க வேண்டும். "ஈஸ்டர் கழிஞ்சு வாங்க. இப்படியே இருந்தா இன்சுலின் ஊசிதான்."

ஊசி. தினமும். வயிற்றில்.

பாம்பைக் கையால் பிடித்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு (பரப்பியவன் நானே). ஆனால் ஊசி வேறு. பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்த நர்சைக் கண்டு மாமரத்தில் ஏறியவன், சாயங்காலம் வரை இறங்கவில்லை. இப்போது ஏற மரமும் இல்லை, ஏறினால் தாங்கும் கிளையும் இல்லை.

பஸ்ஸில் ஞானம்: "கேட்டியளா? இனி நான் போடுகதுதான் சாப்பாடு." உள்துறை முன்பே மனைவியிடம். இன்று உணவுத்துறையும் போயிற்று.

மார்ச் 25, புதன்

கா.மா. (காலை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்). பிறகு பயறு தோசை. தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் வேளிமலை தெரியும்.
மத்தியானம்: சோறு ஓர் அகப்பை, சாளை மீன் கறி, கீரை ஒரு குன்று.
நாலு மணி: சீனியில்லாச் சாயா.
இரவு: வெள்ளரிக்காய். துக்கம்.
நடை: குளத்தங்கரை வரை. தவளைகள் எழுந்து வழிவிட்டன.

வழியில் செல்லையன். கோயிலில் என் பெஞ்சுக்காரன், அவனுக்கும் சுகர். "சோறுதான அண்ணாச்சி ஆகாது? மரச்சீனிக் கெழங்குக்கு என்ன?" ஞானமான பேச்சு. ஞானத்திடம் சொன்னேன்.

"மண்ணுக்குள்ள கெடந்தா சுகருக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியளா?"

கரண்டு பில் கட்டவில்லை. நாளை.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

மேகம். ஓலையோடு பவனி. அடுத்த வீட்டிலிருந்து கருப்பட்டிக் கொழுக்கட்டை வந்தது. "கருப்பட்டி ஒண்ணும் செய்யாது மாமா" என்றாள் கொண்டுவந்தவள். ஞானம் பாத்திரத்தோடு திருப்பி அனுப்பினாள். மணம் மட்டும் நின்றது; அதைத் தின்றேன்.

எடை தொண்ணூறு. ஒரு கிலோவுக்கு இந்தப் பாடு!

ஆராதனை முடிந்து முற்றத்தில் நின்றபோது செல்லையன், எல்லார் காதிலும் விழ: "பெரிய வெள்ளிக்கு நான் முழு உபவாசம். மும்மணி ஆராதனை முடியுத வர ஒண்ணும் கெடையாது. அண்ணாச்சிக்கு ஒக்குமா?"

"ஓய், ஒரு நாளா? யானை மாதிரி ஒரு வாரம் நிப்பேன்."

யானை உபவாசம் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. பாதிச் சபை கேட்டுவிட்டது. இனிப் பின்வாங்க வழியில்லை. யோசித்தால் லாபமும்தான். ஒரு நாள் பட்டினி கிடந்தால் எடை இறங்கும், சர்க்கரை ஓடும், ஊசியும் ஓடும். ஆண்டவருக்கு உபவாசம், டாக்டரம்மாவுக்கு டயட்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

சாயங்காலம் நல்ல மழை. இரவு வெள்ளரிக்காய் மட்டும், முன்னோட்டமாக.

ஞானம்: "சுகர்காரனுக்கு என்ன உபவாசம்? டாக்டரம்மாட்ட கேட்டியளா?"

கேட்டாச்சு என்றேன். எப்போது, எந்த டாக்டரிடம் என்றெல்லாம் விளக்கவில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

கை இன்னும் லேசாக ஆடுகிறது. எழுத்து கோணல்.

காலையில் கா.மா. போட்டேன். கூட ஒரு வாய்த் தண்ணீர். ஆண்டவர் கணக்கில் வைக்க மாட்டார். மாத்திரை தப்பக் கூடாது: தப்பவில்லை. சாப்பாடு குறைய வேண்டும்: பூஜ்யம் வரை குறைத்தேன். இப்படிக் கீழ்ப்படிந்த நோயாளி இந்த ஜில்லாவில் பிறந்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆராதனை: சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு பிரசங்கம், மூன்று மணி வரை. மூன்றாம் வார்த்தையில் விரல் நடுங்கிற்று. நான்காம் வார்த்தையில் பாட்டுப் புத்தகத்து எழுத்தெல்லாம் எறும்பாகி நடந்தன. ஐந்தாவதில் வேர்வை, சட்டையைப் பிழிந்தால் ஒரு வயலுக்குப் பாய்ச்சலாம். போதகர் இரண்டாகத் தெரிந்தார். இருவரில் ஒருவரும் நிறுத்துவதாக இல்லை. காரணமில்லாமல் இருவர் மேலும் கோபம்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆண்டவரு பட்ட பாடுகள நெனச்சி எப்பிடி உருகுகாரு, பாத்தியா?"

செல்லையன்: "அண்ணாச்சி, ஆவியானவரு எறங்கிட்டாரா?"

பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. அவன் மேலேயே சாய்ந்தேன்.

அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஞானம். ஆராதனை முடிந்ததும் கொடுக்க வராந்தாவில் வைத்திருந்த பானக்க அண்டாவுக்கு ஓடி, ஒரு தம்ளர் மொண்டு வந்துவிட்டாள். "குடியுங்கோ."

"உப... வாசம்..."

"உபவாசமாம்! குடிக்கியளா, மூக்குல ஊத்தட்டா?"

போதகர் நிறுத்திவிட்டார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆறாம் வார்த்தைக்கு முன்னே பானக்கம் குடித்த முதல் மனிதன் நான். இரண்டு தம்ளர், கருப்பட்டிக் கசடோடு. கொஞ்ச நேரத்தில் போதகர் ஒருவராகிவிட்டார். பிறகு வெளியே கூட்டிப் போய்க் கஞ்சியும் பயறும் தந்தாள். தட்டு காலியாகும் வரை அவள் அதைக் கையிலிருந்து விடவில்லை.

செல்லையன் வந்து காதில்: "நான் நாலு இட்லி தின்னுட்டுதான் வந்தேன் அண்ணாச்சி. சும்மா சொன்னத நீங்க நம்பிட்டியளே!"

ஏப்ரல் 4, சனி

வெயில். எங்கே போனாலும் ஞானம் பின்னால் நிற்கிறாள். குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாதாம்.

மீன் அறுத்துக்கொண்டே, மீனிடம் சொல்வதுபோல ஒரே ஒரு வாக்கியம்: "வெள்ளச் சேல எனக்கு எடுக்காது, கேட்டியளா."

வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

கரண்டு பில் கட்டியாச்சு.

ஏப்ரல் 7, செவ்வாய்

புழுக்கம். டாக்டரம்மா. நான் வாயைத் திறக்குமுன் ஞானம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த மாத்திரை சர்க்கரையை இறக்கிட்டேதான் இருக்கும். உள்ள சாப்பாடு போகலைன்னா எங்க வந்து நிக்கும்? பைக்ல போகும்போது மயக்கம் வந்திருந்தா? உபவாசம் இருக்கணும்னா முதல்ல எங்கிட்ட கேளுங்க."

ஞானம் என்னைப் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரியில் மின்விசிறி வெகு அழகு.

எடை எண்பத்தொன்பது. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, பட்டினியால் அல்ல, இத்தனை நாள் தோசையாலும் நடையாலும் என்றார். ஊசி இப்போதைக்கு வேண்டாம். கா.மா. இனிப் பாதி. சாப்பாடு அளவாக, ஆனால் வேளை தப்பாமல். மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம். உலகையே வென்ற எனக்கு மணியடித்துச் சோறு!

திரும்பக் களியக்காவிளை வண்டி. ஜன்னலோரம் ஞானம். தோட்டியோடு ஸ்டாப் தாண்டவில்லை, என் தோளில் தலை விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து சரியாக உறங்கவில்லை அவள். தக்கலை வந்தது, இறங்க வேண்டிய இடம். எழுப்பவில்லை. கண்டக்டரிடம் சைகையால் கடைசி வரை டிக்கெட் கேட்டேன்.

மணி ஒன்று. சாப்பாட்டு வேளை. டப்பா அவள் மடியில், அவள் கைக்குக் கீழே. விரலை ஒவ்வொன்றாக விலக்கி எடுத்தேன். பயறும் ஒரு துண்டு மீனும். குழித்துறைப் பாலம் வரை, மென்று, சத்தமில்லாமல்.