கிணற்றில் இறக்கிய ஸ்பீக்கர்

12 ஏப்ரல் 1959, ஞாயிறு. காஜா பெராங்.

ராக்கபிலி இசை வாசித்தால் கிட்டார் எதிரொலிக்க வேண்டும். அதற்கென்று வரும் பெட்டியை வாங்க எங்களுக்கு வழியில்லை. அதனால் எப்போதும்போல இன்று மதியமும் ஸ்பீக்கரைக் கயிற்றில் கட்டிக் கொல்லைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டு, பாஸ் கிட்டார் வாசிக்கும் செல்வத்துக்காகக் காத்திருந்தேன். மூன்று மணிக்கு அவன் தங்கச்சிதான் சைக்கிளில் வந்தாள்.

"அண்ணன் நேத்தே சிங்கப்பூருக்கு பஸ் ஏறிட்டாரு. அங்க வேற பேண்ட்ல சேர்ந்துட்டாராம். உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னான். நான்தான் மறந்துட்டேன்" என்றேன்.

சொல்லவே இல்லை. மூன்று வருடம் ஒன்றாக வாசித்தவன்.

அவள் போனதும் தனியாகவே வாசித்தேன். அவன் நுழையும் இடம் வரும்போதெல்லாம் என் கை தானாக நின்றது. அந்த இடைவெளியில் கிணறு என் கிட்டாரையே எனக்குத் திருப்பிக் கொடுத்தது.

சாயங்காலம் ஸ்பீக்கரை மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நல்லா இருந்துச்சு தம்பி. செல்வம் வந்திருந்தானா? ரெண்டு பேர் வாசிச்ச மாதிரி கேட்டுச்சே."

"வந்திருந்தான்க்கா. இப்பதான் போறான்" என்றேன்.