ஏழாவது கேள்வி

செவ்வாய், துவாதசி.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இளம்பெண்களின் சாப்பாட்டுக் கோளாறு பற்றிய ஆய்வுக்காக இன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குப் படிவத்தோடு போயிருந்தேன். பெண்ணுக்குப் பதினேழு வயது. கையைத் தூக்கினால் வாட்ச் முழங்கை வரை வழுக்குகிறது. ஆறாவது கேள்வி, வேளைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதுண்டா என்பது. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"நேத்திக்கு ஏகாதசி, பச்சைத் தண்ணி பல்லுல படலை. இன்னிக்கும் ஒண்ணும் வேண்டாங்கறா. இந்த வயசுல இப்படி ஒரு பக்தி, பெருமாள் அனுக்ரஹம்!"

துவாதசி காலையில் சாப்பிட்டால்தானே ஏகாதசி விரதமே பூர்த்தியாகும்? அந்த வீட்டுக்கா அது தெரியாது? மற்ற எல்லாரும் அகத்திக்கீரையோடு காலையிலேயே சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

வெளியே வந்து, ஆய்வை நடத்தும் டாக்டருக்குப் போன் செய்து இதைச் சொன்னேன்.

"விரதம்னா, 'விரதம்'ங்கற கட்டத்துல டிக் பண்ணுங்க. விரதக்காரங்களுக்கு மிச்சக் கேள்வி கிடையாது. அடுத்த வீட்டுக்குப் போங்க."

எந்த ஊரிலோ உட்கார்ந்து படிவம் போட்டவனுக்குத் துவாதசி தெரியாமல் இருக்கலாம். உறையூரில் பிறந்து வளர்ந்த இந்த மனுஷனுக்குமா?

உள்ளே போய் டிக் செய்தேன். செய்தது என் கைதான்.

செருப்பை மாட்டும்போது அந்தப் பெண் வாசல் வரை வந்தாள்.

"அக்கா, ஏழாவது கேள்வி என்ன?" என்று அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

குண்டாகிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா? அதுதான் ஏழாவது கேள்வி.

"அது உனக்கு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.