நீலத் தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவும் நலம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதனால் எழுதிவிட்டேன். போனில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும். நீ உடனே, அப்புறம் பேசலாம் கண்ணு என்று வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது உன் மேஜைமேலேயே இருக்கும்.

முதலில் கண்ணாடி வீட்டுச் செய்தி. நீ வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து சனிக்கிழமைதோறும் நீ காட்டிக்கொடுத்தபடியே உரத் தண்ணீர் விட்டுவந்தேன். முந்தின நாளே வெறும் தண்ணீரால் மண்ணை நனைத்துவிடுவேன். காய்ந்த மண்ணில் உரம் பட்டால் வேர் கருகும் என்பது மறக்கவில்லை. காலையில் வாளியில் நீல உரத்தைக் கரைத்து, குழாயில் மாட்டிய பித்தளை மூக்கிலிருந்து வரும் மெல்லிய டியூபை அதில் தொங்கவிடுவேன். நுனி கசடைத் தொடாமலிருக்க ஒரு துணி கிளிப் போட்டு வாளி விளிம்போடு பிடித்து வைப்பேன், இது மட்டும் என் சொந்த யோசனை. குழாயைத் திறந்தால் ஓடுகிற தண்ணீரே உரத்தை இழுத்துக்கொள்கிறது. ஹோஸின் மறுமுனையில் நீல நிறம் வரும்வரை சாக்கடையில் விட்டுவிட்டு, பிறகுதான் செடிகளிடம் போவேன். கள்ளிகளுக்கு அடிமண்ணில் மட்டும். மாவு பூசினாற்போல் இருக்கும் சதைச்செடிகளின் இலையில் ஒரு சொட்டுகூட விழவிட்டதில்லை. அந்த மாவு ஒருமுறை போனால் போனதுதான் என்று நீதானே சொன்னாய்.

தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத வால்வை மாட்டுவதற்கு முன் ஒருநாள் உரம் வீட்டுக் குழாய்க்குள் ஏறிவிட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா பாதிச் சவரத்தில் நீல நுரையோடு வெளியே வந்து, "என்னையும் பூக்க வைக்கலாம்னு பாக்கறியா?" என்று கேட்டார். நீ ஹோஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். அது தரையில் நெளிந்து மூன்று பேரையும் நனைத்தது. நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போது அது கடைசி என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தமுறை பஸ் ஏறும்போது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குளிர் ஆரம்பிச்சதும் உரத்தை நிறுத்திடு. செடியெல்லாம் தூங்கப் போயிடும். அதுங்க தூங்கறப்ப நான் இங்க இருப்பேன்." போன வருடமும் இதையே சொன்னாய், சொன்னபடி வந்தாய். அதனால் இந்த வருடம் நான் குளிருக்காகக் காத்திருந்தேன். வகுப்பில் எல்லோரும் குளிரைத் திட்டும்போது எனக்கு மட்டும் சந்தோஷமாக இருந்தது.

குளிர் வந்தது. காலையில் கண்ணாடியில் விரலால் பெயர் எழுத முடிகிற அளவுக்கு ஈரம் படிந்தது. உரத்தை நிறுத்தட்டுமா என்று போனில் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் ஊத்துடா, நல்லா புஷ்டியா இருக்கட்டும்" என்றாய். அடுத்த வாரமும் அதையே சொன்னாய். நூலகத்தில் இருக்கும் செடிப் புத்தகம் வேறு மாதிரி சொன்னது. குளிரில் உரம் கொடுத்தால் கள்ளி உள்ளே தண்ணீர் கோத்துக்கொண்டு, சதை இளகி, வெடித்து அழுகும் என்று போட்டிருந்தது. அதை எழுதியவருக்கு நம் கண்ணாடி வீட்டைத் தெரியாது என்று நானே உன் பக்கம் வாதாடிக்கொண்டு, வாளியைத் தூக்கினேன்.

நம் பூசணி வெடித்துவிட்டது அம்மா. உருண்டைக் கள்ளிகளிலேயே பெரியது, நீ பேச்சு கொடுத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுவாயே, அதுதான். விலாவில் நீளமாக ஒரு பிளவு. நான்தான் உரத்தை அதிகமாகக் கரைத்துவிட்டேனோ என்று பயந்து உன்னிடம் சொல்லாமல் இருந்தேன்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்தபோது கண்ணாடி வீட்டு வாசலில் தொப்பி போட்ட ஒருவர் நின்றார். பெரிய செடிக்கடை வைத்திருக்கிறாராம். சும்மா பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். பித்தளை மூக்கு எப்படி வேலை செய்கிறது, நீலம் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் விளக்கினேன். என்னை டீச்சரம்மா என்று அப்பா கேலி செய்வது சரிதான். ஹோஸை அவர் கையிலேயே கொடுத்துப் பழகச் சொன்னேன். அவரும் நல்ல மாணவர் மாதிரி கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "உங்கம்மா சொன்னது சரிதான். என் பொண்ணு பாத்துக்கிற வரைக்கும் செடிக்கு ஒரு குறையும் வராதுன்னாங்க. வண்டி வர்ற வரைக்கும் இதே மாதிரி பாத்துக்கம்மா."

எந்த வண்டி என்று கேட்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். உங்க வீட்டில சொல்லலையா என்று இரண்டு தடவை கேட்டார். நீ ஊருக்குப் போவதற்கு முன்பே பேசி முடித்துவிட்டாயாம். செடிகள், பலகைகள், கண்ணாடி, சட்டம், எல்லாமே. செடிகள் கொழுகொழுவென்று இருந்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்று அவர் சொல்லியிருந்தாராம். என்னைவிட அவர்தான் அதிகமாகத் தவித்தார் பாவம். ஹோஸைக் கீழே வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். குழாயை மூட எனக்குத் தோன்றவில்லை. நடைபாதை முழுவதும் நீலமாக ஓடியது.

அப்பா டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேட்டேன். "உனக்குச் சொன்னா நீ அழுவே, செடியை விட்டுடுவேன்னு அம்மா பயந்தா" என்றார். நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "எனக்கு வாய் வரலடா" என்றார். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டபோது, சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார். பஸ்ஸை எடுக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

விற்றதற்காக நான் கோபப்படவில்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் கோபமாகத்தான் இருக்கிறது. அதைவிட, நான் அழுதாலும் செடிகளை விடமாட்டேன் என்று உனக்குத் தெரியாமல் போனதுதான் தாங்கவில்லை. நீ வரும்போது பார்ப்பாய் என்று ஒவ்வொரு தொட்டியையும் பூ வருகிற பக்கமாகத் திருப்பி வைத்தேன். யாரோ எடுத்துப் போவதற்காகத்தான் அவற்றைக் கொழுக்க வைக்கிறேன் என்று தெரிந்தும், இன்னும் ஊத்து என்றே நீ சொல்லிக்கொண்டிருந்தாய், போனில், வாராவாரம், கண்ணு கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டு. திரும்பி வருகிறவர்கள் கண்ணாடியைக்கூடவா விற்பார்கள்?

நேற்று சனிக்கிழமை. வாளியில் எதையும் கரைக்கவில்லை. டியூபைக் கழற்றிக் கழுவினேன். ஹோஸில் வெறும் தண்ணீரை விட்டு, நீலம் வெளிறி, கடைசியில் ஒன்றுமில்லாமல் தெளிவாக வரும்வரை நின்றேன். பிறகு குழாயை மூடி, ஹோஸை நீ சுற்றுவது போலவே சுற்றி மாட்டினேன். தொப்பிக்காரரிடம் அப்பா போனில் பேசினார். உரம் நிறுத்தியதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். வெடித்த பூசணி அவருக்கு வேண்டாமாம். அது இப்போது என் ஜன்னலில் இருக்கிறது. பிளவு காய்ந்து, பழுப்பாகத் தோல் கட்டியிருக்கிறது. பிழைத்துவிடும் என்று புத்தகம் சொல்கிறது. இந்தமுறை புத்தகத்தை நம்புகிறேன்.

மற்றவை வண்டி வரும்வரை அங்கேதான் இருக்கும். எல்லாம் தூங்கப் போய்விட்டன அம்மா.

உன் பச்சை ஸ்வெட்டர் கண்ணாடி வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தைப் பிரிக்கும்போது தொலைந்துவிடக் கூடாது என்று எடுத்து வந்து மடித்து வைத்திருக்கிறேன். அங்கேயும் குளிர்தான் என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நேரத்துக்குச் சாப்பிடு. ஸ்வெட்டரைத் தபாலில் அனுப்பட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா என்று மட்டும் நீயே எழுது. அப்பா மூலமாகச் சொல்லி அனுப்பாதே.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
உன் மகள்