அம்மாவின் மூன்று விரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்; வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. வியாழக்கிழமை அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது குமட்டும். டாக்டர் தரும் மருந்தோடு, மணிக்கட்டின் உள்பக்கம் அழுத்திவிட்டால் கொஞ்சம் அடங்கும். எங்கள் வார்டில் எனக்குத் தினமும் இதே வேலைதான். போன வாரம் ஒரு பெரியவருக்கு என் விரலால் அளந்து அழுத்தினேன். என் மேலேயே வாந்தி எடுத்துவிட்டார். "உன் விரல் எதுக்கும்மா? அவரோட விரலை வச்சுல்ல அளக்கணும்!" என்று ஹெட் நர்ஸ் சிரித்தார்.

அதனால், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக அம்மாவின் மறு கையின் மூன்று விரலைச் சேர்த்துக் குறுக்காக வையுங்கள். அது முடியும் இடத்தில், இரண்டு நரம்புக்கு நடுவே அழுத்துங்கள். "நாலு பேர் பாக்கறாங்க, கைய விடுங்க" என்பாள். விட்டுவிடாதீர்கள். நர்ஸ் உத்தரவு என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. அம்மாவின் கையைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்புங்கள். "அளக்கப்போறது நீங்க, அவளுக்கு எதுக்கு இது?" என்று கேட்பாள். ராத்திரியில் என் கையை அதன்மேல் வைத்துக்கொள்ளத்தான் என்று சொல்ல வேண்டாம். கோட்டை மட்டும் போடுங்கள்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்