கொழும்பில் பதினோரு மணி நேரம்

செவ்வாய்க்கிழமை.

இன்று மாலை திக்காம் பத்து ஊரில் ஜெபக்கூட்டம். அம்மாவும் தானும் வேளாங்கண்ணிக்குப் போகப் போவதை அண்ணி எழுந்து நின்று அறிவித்தாள். “எல்லாம் என் தம்பி ஏற்பாடுதான். பாயிண்ட்ஸ்லயே டிக்கெட் எடுத்துட்டான்.” உடனே எல்லாரும் அவள் தம்பிக்காக ஜெபித்தார்கள். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். நானும் ஆமென் சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவும் என் விமானப் பாயிண்ட்ஸ். தொழிற்சாலை வேலையாக ஆறு வருடம் பறந்து சேர்த்தவை. கொழும்பு வரை சுலபமாகக் கிடைத்தது. அங்கிருந்து திருச்சிக்கு அவர்களோடு கூட்டு வைத்த வேறொரு நிறுவனத்தின் விமானம். அதில் பாயிண்ட்ஸுக்கு ஒதுக்கியது இரண்டே இருக்கை. மூன்று வாரம் போன் போட்டுப் பிடித்து, அம்மாவுக்கும் அண்ணிக்கும் கொடுத்தேன். நான் போகவில்லை.

வாசலில் அண்ணியை நிறுத்திக் கேட்டேன். “யார் எடுத்தா என்னா லா? மாதாவுக்குத் தெரியும்,” என்று காரில் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புக்கிங்கைத் திறந்தேன். அடுத்த திருச்சி விமானத்தில் இப்போது இரண்டு இருக்கை காலி. அதற்கு மாற்றினால் அண்ணி கொழும்பில் பதினோரு மணி நேரம் காத்துக் கிடப்பாள். பொத்தானில் விரலை வைத்த பிறகுதான் உறைத்தது. இருவருக்கும் ஒரே புக்கிங். அம்மாவும் கிடக்க வேண்டும். விரலை எடுத்துவிட்டேன்.

பின்னால் அம்மா நின்றிருந்தாள். அண்ணி வாசலில் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

“நான் உக்காந்துக்கிறேன். நீ மாத்து. மாதாவுக்குத் தெரியும்.”