தொட்டியின் அடியில் ஒரு செம்புத் தண்ணீர்

சாம்பியன் ரீப்ஸ், கே.ஜி.எஃப்.
4 மார்ச் 2024

அன்புத் தம்பி ஏனோக்குக்கு,

அக்கா ரெபேக்காவின் ஸ்தோத்திரம். போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால் தாள் எடுத்தேன்.

கோயிலில் அம்மா நினைவாகப் பளிங்கு ஞானஸ்நானத் தொட்டி வைக்க ஆசைப்படுகிறாய். நல்ல ஆசைதான். ஆனால் கோயில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. தெருக் குழாய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் கேன் வாங்கித்தான் குடிக்கிறோம். முடியாதவர்கள் அந்த உப்பையே குடித்து வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். தொட்டிக்குப் பதிலாக வாசலில் ஒரு ஃபில்டர் வைத்தால் என்ன? போன முறை வந்தபோது நீயே நம் வீட்டுத் தண்ணீரைத் தொடாமல் பாட்டில் வாங்கிக் குடித்தாயே!

யோசித்துப் பார்.

ரெபேக்கா

பெர்த்
25 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

அம்மாவின் அடக்கத்துக்கு நான் வந்து சேரவில்லை. அவர்கள் பெயரை ஒரு கல்லிலாவது பார்க்க வேண்டும். ஃபில்டர் கெட்டுப்போகும், பளிங்கு நிற்கும். தொட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. கோயில் காரியத்தையும் குழாய்க் காரியத்தையும் கலக்காதே.

ஏனோக்

சாம்பியன் ரீப்ஸ்
13 மே 2024

அன்புத் தம்பி,

தொட்டி வந்துவிட்டது. அழகு. அம்மா பெயரைத் தடவிப் பார்த்தேன், அழுதேன்.

நேற்று அதில் முதல் ஞானஸ்நானம், ஏசுபாதம் வீட்டுக் குழந்தைக்கு. வழக்கப்படி பிள்ளை வீட்டார் ஒரு செம்பு குடிதண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த வழக்கம் அம்மா ஆரம்பித்ததுதான். குடிக்க ஆகாத தண்ணீரைக் குழந்தை தலையில் ஊற்றுவதா என்பார்கள். செம்பைத் தொட்டியில் கவிழ்த்தோம். அத்தனை பெரிய தொட்டியின் அடி மட்டும் நனைந்தது! போதகர் கையை விட்டுத் துழாவுகிறார், தண்ணீர் ஏறவில்லை. விலை உயர்ந்த பேனாவோடு பரீட்சைக்கு வந்து, மை கொண்டுவர மறந்த பிள்ளை மாதிரி நின்றோம்.

விருந்துக்கு அழைத்திருந்த நம் பக்கத்து வீட்டுப் பழனியம்மா எழுந்து போனாள். அவள் புத்த விகாரைக்குப் போகிறவள், உனக்குத் தெரியும். இடுப்பில் கேனோடு திரும்பி வந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“இன்னா டீச்சரம்மா, இம்மாம் பெரிய தொட்டி வெச்சீங்க, தண்ணி யாரு வெப்பா? புடிங்க, கொயந்த அழுவுது!”

கோயிலே சிரித்தது. போதகரும்தான்.

அது அவள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே கேன். சாயங்காலம் பார்க்கிறேன், போர் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். என் கேனில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிணற்றடியில் வேற்று இனத்துப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டவர்தானே நம் ஆண்டவர்? கேட்ட இடத்தில் நாம் இருக்கிறோம், தம்பி. கொடுக்கும் இடத்துக்கு எப்போது போவோம்?

உன்மேல் கோபமில்லை.

ரெபேக்கா

பெர்த்
2 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அந்தச் செம்பு வழக்கத்தை நான் எப்படி மறந்தேன்? அம்மா இருந்திருந்தால் தொட்டியின் அளவைக் கேட்டதுமே திட்டியிருப்பார்கள்.

ஃபில்டருக்கு ஏற்பாடு செய். அது பழுதானால் பார்ப்பது என் பொறுப்பு. பெயர் எதுவும் எழுத வேண்டாம். கல்லில் இருப்பது போதும். யார் வந்தாலும் பிடித்துக்கொள்ளும்படி குழாய் சுவருக்கு வெளியே, தெருவைப் பார்த்து இருக்கட்டும். முதல் கேன் பழனியம்மா அக்காவுக்கு.

டிசம்பரில் வருகிறேன். இந்தத் தடவை பாட்டில் வாங்க மாட்டேன்.

உன் தம்பி
ஏனோக்